ஸ்கிரிப்ட் பிழை வந்தால் யாரைக் கேட்பது?

விண்டோஸ் கணினியில் நீண்ட காலம் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் சின்னப் பெட்டி பரிச்சயம். தலைப்பில் ‘ஸ்கிரிப்ட் எரர்’ என்று இருக்கும் (ஸ்கிரிப்ட் என்றால் ஒரு பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்). மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. அதன் கீழே வரி எண், எழுத்தின் இடம், பிழையின் விவரம், ஒரு கோட் எண், ஏதோ ஒரு முகவரி. கடைசியில் ஒரு கேள்வி: இந்தப் பக்கத்தில் ஸ்கிரிப்டுகளைத் தொடர்ந்து இயக்கலாமா? ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள்.

இந்தப் பெட்டி பிரவுசரில் மட்டும் வந்திருந்தால் பெரிய விஷயமில்லை. ஆனால் இது பில் போடும் மென்பொருளில் வரும், கணக்கு மென்பொருளின் லாகின் திரையில் வரும், உதவிப் பக்கத்தைத் திறந்தால் வரும். எதிரே வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது, 47ஆம் வரியில் ஏதோ ஒன்று ‘வரையறுக்கப்படவில்லை’ என்று சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கிறது. அவருக்கு அந்த 47ஆம் வரியைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘ஆம்’ அழுத்தினால் என்ன ஆகும், ‘இல்லை’ அழுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பெரும்பாலானோர் பெட்டி மறையும் வரை மாறி மாறி அழுத்துவார்கள்.

தவறான ஆளிடம் கேட்கப்படும் கேள்வி இது. பதில் சொல்ல வேண்டியது அந்த மென்பொருளை எழுதியவர், அதுவும் மென்பொருளை எழுதும்போதே. ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் தனக்குள் ஸ்கிரிப்ட் ஓட இடம் கொடுத்தால், அந்த ஸ்கிரிப்ட் தடுக்கி விழும்போது என்ன செய்வது என்ற முடிவும் அந்த மென்பொருளுடையதுதான். அந்த முடிவை எடுக்காமல் விட்டவர்களின் வேலைதான் பயனர் முன் பெட்டியாக வந்து நிற்கிறது. பெட்டியை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு வேறு வகையான தலைவலி காத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

பெட்டி எங்கிருந்து வந்தது?

1996இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிரவுசரின் உள்பகுதியைத் தனி உறுப்பாகப் பிரித்து, வேறு எந்த மென்பொருளும் அதைத் தன் ஜன்னலுக்குள் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதுதான் வெப்பிரவுசர் கன்ட்ரோல். விஷுவல் பேசிக் தெரிந்த எவரும் ஒரு ஃபார்மில் அதை இழுத்துப் போட்டு, ஒரு முகவரியைக் கொடுத்தால், மென்பொருளுக்குள் ஒரு குட்டி பிரவுசர் தயார். 1997இல் நான்காம் பதிப்போடு வந்த, பக்கங்களை வரையும் டிரைடென்ட் இன்ஜின்தான் அதன்பின் நெடுங்காலம் இதன் உள்ளே ஓடியது. 2005இல் மைக்ரோசாஃப்டின் நிரல் தளமான டாட்நெட் 2.0 வந்தபோது, ஜன்னல்களை உருவாக்கும் அதன் விண்டோஸ் ஃபார்ம்ஸ் தொகுப்பிலும் இது இடம்பிடித்தது. அறிக்கைகளைக் காட்ட, மின்னஞ்சலைக் காட்ட, உதவிப் பக்கங்களுக்கு, லாகினுக்கு என்று எல்லாவற்றுக்கும் இதையே வைத்தார்கள். அந்தக் காலத்தில் அது நியாயமான தேர்வு. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், விண்டோஸோடு வந்துவிடும்.

பிரச்சினை, அந்தக் கன்ட்ரோல் பிரவுசரின் பழக்கங்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. பக்கத்தில் ஸ்கிரிப்ட் பிழை வந்தால் அதைப் பக்கத்தை எழுதியவர் பார்க்க வேண்டும், பிழைநீக்கம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது அந்தப் பெட்டி. ஹோஸ்ட் மென்பொருள், அதாவது கன்ட்ரோலுக்கு இடம் கொடுத்த மென்பொருள், ‘இதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லாவிட்டால், கன்ட்ரோல் தன் வழக்கமான பெட்டியைப் போட்டுவிடும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் ‘ஸ்கிரிப்ட் பிழைநீக்கத்தை முடக்கு’ என்பது இரண்டு வரிகளாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு, இன்னொன்று ‘மற்றவை’க்கு. அந்த மற்றவைதான் இப்படிக் கன்ட்ரோலை உள்ளே வைத்திருக்கும் மென்பொருள்கள்.

பிரவுசரில் சரியாக ஓடுகிறது, மென்பொருளுக்குள் ஏன் ஓடவில்லை?

இந்தக் கேள்வி எத்தனையோ புரோகிராமர்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அதே கணினி, அதே பக்கம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11இல் திறந்தால் ஒரு குறையும் இல்லை. மென்பொருளுக்குள் திறந்தால் வரிசையாகப் பிழைப் பெட்டிகள்.

காரணம் எளிது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. கணினியில் எந்தப் பதிப்பு இருந்தாலும், வெப்பிரவுசர் கன்ட்ரோல் தன்னை ஏழாம் பதிப்பாகவே நினைத்துக்கொண்டு நடக்கும். பழைய மென்பொருள்கள் உடைந்துபோகக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அப்படி வைத்தது. விளைவு, எட்டாம் பதிப்பில்தான் வந்த, தரவுப் பரிமாற்றத்துக்கான ‘ஜேசான்’ பொருள் இங்கே இருக்காது. ஒன்பதாம் பதிப்பில் வந்த, நிகழ்வுகளைக் கேட்க உதவும் ‘ஆட்ஈவென்ட்லிசனர்’ இருக்காது. பிழைதேடச் செய்திகளை எழுதும் ‘கன்சோல்’ கதை இன்னும் விசித்திரம். எட்டு, ஒன்பதாம் பதிப்புகளில் டெவலப்பர் டூல்ஸ் ஜன்னலைத் திறந்தால்தான் கன்சோல் பொருளே உருவாகும். ஆகவே கன்சோலில் எழுதும் ஒரு லாக் (பதிவு) வரியை நீக்க மறந்திருந்தால், டெவலப்பரின் மேசையில் எல்லாம் ஓடும், வாடிக்கையாளரின் மேசையில் அதே வரியில் பக்கம் நின்றுவிடும். பிழையைத் தேட ஜன்னலைத் திறந்தால் பிழை காணாமல் போய்விடும்.

இதற்கு மருந்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ‘ஃபீச்சர் பிரவுசர் எமுலேஷன்’ என்ற இடத்தில் உங்கள் மென்பொருளின் இஎக்ஸ்இ பெயரை எழுதி, அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். 11000 என்று கொடுத்தால், சரியான டாக்டைப் (பக்கத்தின் வகையைச் சொல்லும் முதல் வரி) உள்ள பக்கங்கள் பதினோராம் பதிப்பின் முறையில் ஓடும். 11001 என்றால் டாக்டைப் எப்படி இருந்தாலும் அதே முறைதான். நடப்புப் பயனரின் பகுதியில் எழுதினால் அட்மின் உரிமை தேவையில்லை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவில், 2015 பதிப்பு வரை, அதன் உள்ளிருந்து இயக்கும்போது உங்கள் மென்பொருள் ‘விஎஸ்ஹோஸ்ட்’ என்ற ஒட்டு சேர்ந்த வேறு பெயரில் ஓடும். ரெஜிஸ்ட்ரியில் எழுதிய பெயர் அதற்குப் பொருந்தாது. அதனால் எல்லாம் சரியாக எழுதியும் பலன் இல்லையே என்று குழம்பியவர்கள் நிறையப் பேர். இன்றும் பழைய திட்டங்களைப் பராமரிப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. பக்கம் உங்கள் கையில் இருந்தால் அதன் தலைப்பகுதியில், எந்தப் பதிப்பின் முறையில் ஓட வேண்டும் என்று சொல்லும் பொருத்தப்பாட்டு மெட்டா வரியைச் சேர்ப்பது இன்னும் சுலபம்.

ஆனால் பதினோராம் பதிப்புதான் உச்சவரம்பு. அம்புக்குறி ஃபங்ஷன், பேக்டிக் போட்ட சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) போன்ற இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் வழக்கங்கள் எந்த எக்ஸ்புளோரருக்கும் புரியாது. இவை இலக்கணப் பிழை வகை. ஓடும்போது வரும் பிழைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஓடும்போது பிழை வந்தால், அதற்கு முந்தைய வரிகள் நடந்து முடிந்திருக்கும். இலக்கணப் பிழை என்றால் அந்த ஃபைல் முழுவதும் நிராகரிக்கப்படும், ஒரு வரிகூட ஓடாது. அடுத்து வரும் ஃபைல்கள் இதில் இருக்க வேண்டிய ஃபங்ஷன்களைத் தேடும், கிடைக்காது. ‘வரையறுக்கப்படவில்லை’ என்று அடுத்தடுத்துப் பத்துப் பெட்டிகள் வரும். பயனர் போனில் சொல்வது பெரும்பாலும் கடைசிப் பெட்டியை. உண்மையான காரணம் முதல் பெட்டியில் இருந்தது, அதை அவர் மூடி வெகுநேரமாகியிருக்கும். ஆகவே லாக் எழுதும்போது வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பக்கம் திறந்தபின் வந்த முதல் பிழைக்குத்தான் அதிக மதிப்பு.

பிழையின் விவரத்தோடு வரும் கோட் எண்ணையும் பலர் கண்டுகொள்வதில்லை. 800ஏ1391 போன்று பதினாறடிமான எண் வந்தால், அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பதின்மத்துக்கு மாற்றினால் 5009, அதாவது பெயர் வரையறுக்கப்படவில்லை. 800ஏ138எஃப் என்றால் 5007, பொருள் எதிர்பார்க்கப்பட்டது. 800ஏ01பி6 என்றால் 438, அந்தப் பொருளுக்கு அப்படி ஒரு பண்போ செயலோ இல்லை. விண்டோஸின் மொழியைப் பொறுத்துப் பிழைச் செய்தியின் வாசகம் மாறலாம், எண் மாறாது. பல நாடுகளில் ஓடும் மென்பொருள் என்றால் எண்ணை வைத்துத் தேடுவதுதான் நம்பகமானது.

பிழை பயணிக்கும் வழி

ஸ்கிரிப்ட் வரியில் பிழை எழுந்ததும் அது முதலில், பிழையைப் பிடிக்கும் நிரல்பகுதியான டிரை-கேட்ச் அருகில் இருக்கிறதா என்று தேடும். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின், 1999இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து இந்த வசதி மொழியிலேயே உண்டு. அங்கே பிடிபடவில்லை என்றால் பக்கத்தின் ‘விண்டோ ஆன்எரர்’ என்ற இடத்துக்கு வரும். அங்கிருந்து ‘நான் பார்த்துக்கொண்டேன்’ என்ற பொருளில் உண்மை மதிப்பு திரும்பினால் கதை முடிந்தது. இல்லையென்றால் கன்ட்ரோல் தன் ஹோஸ்டைக் கேட்கும். ஹோஸ்டும் வாய் திறக்காவிட்டால்தான் பெட்டி.

ஹோஸ்டைக் கேட்கும் அந்தக் கட்டம்தான் மிக முக்கியம், பெரும்பாலானோர் அறியாததும் அதுதான். கன்ட்ரோல் தன் ஹோஸ்டுக்கு ‘ஸ்கிரிப்ட் பிழையைக் காட்டு’ என்ற கட்டளையை, 40 என்ற எண்ணோடு, அனுப்பும். அந்தக் கட்டளையை ஏற்றால் பிழையின் செய்தி, வரி, எழுத்து இடம், கோட், முகவரி எல்லாவற்றையும் ஹோஸ்ட் படித்துக்கொள்ளலாம். பதிலாக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம்: பெட்டி வேண்டாம், ஸ்கிரிப்ட் தொடரலாம் அல்லது நிற்கட்டும். பயனரிடம் கேட்கப்பட்ட அதே ஆம்-இல்லை கேள்விதான் இது. முதலில் கேட்கப்பட்டது உங்கள் நிரலிடம். அது பதில் சொல்லாததால்தான் கேள்வி பயனருக்குப் போனது. இந்த வடிவமைப்பை நான் மதிக்கிறேன். குறை கன்ட்ரோலில் இல்லை, பதில் சொல்லாத ஹோஸ்டில் இருக்கிறது.

சி பிளஸ் பிளஸில் எழுதுபவர்களுக்கு இந்த வழி நேரடியாகத் திறந்திருக்கிறது. டாட்நெட்டில் இதற்கு எளிய வடிவம் ‘எச்டிஎம்எல் விண்டோ’வின் எரர் நிகழ்வு. அதில் விவரம், வரி எண், முகவரி மூன்றும் கிடைக்கும். கையாண்டாயிற்று என்று குறித்துவிட்டால் பெட்டி வராது. எப்போது இதை இணைப்பது என்பதில் கவனம் வேண்டும். பக்கம் முழுதாக வந்து முடிந்த நிகழ்வில் இணைப்பதுதான் வழக்கம். ஆனால் பக்கம் வந்துகொண்டிருக்கும்போதே ஓடும் ஸ்கிரிப்டுகளின் பிழைகள் அதற்குள் தப்பிவிடும். பெரும்பாலான பிழைகள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. அதனால் புதிய பக்கத்துக்குப் போன உடனே வரும் நிகழ்விலும் இணைத்துப் பார்ப்பது நல்லது. ஃபிரேம்கள் (பக்கத்துக்குள் பக்கங்கள்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்டோ. வேறு டொமைனிலிருந்து வந்த ஃபிரேமைத் தொட முயன்றால் அனுமதி மறுக்கப்படும். ஆகவே ஃபிரேம்கள் நிறைந்த பக்கம் என்றால் மேலே சொன்ன ஹோஸ்ட் கட்டளை வழிதான் சரி.

மறைத்துவிடும் சுவிட்ச்

டாட்நெட் புரோகிராமர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் ஒரே வரி: ‘ஸ்கிரிப்ட் எரர்ஸ் சப்ரெஸ்டு’ என்ற பண்பை உண்மை என்று வை. வைத்தால் பெட்டிகள் மறைந்துவிடும். வாடிக்கையாளர் நிம்மதி, புரோகிராமரும் நிம்மதி.

அந்தப் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அது ஸ்கிரிப்ட் பிழைப் பெட்டியை மட்டும் மறைப்பதில்லை. கன்ட்ரோலின் உள்ளிருந்து வரும் எல்லாப் பெட்டிகளையும் மறைக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டி, பாதுகாப்பு அமைப்பு சம்பந்தமான பெட்டி, எல்லாம் போய்விடும். மைக்ரோசாஃப்டின் ஆவணமே இதைச் சொல்லி, லாகின் பெட்டிகள் வேண்டுமென்றால் இந்தப் பண்பைத் தொடாமல் எரர் நிகழ்வைப் பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைக்கிறது. ஆனால் ஒரு வரி மருந்தைக் கண்டவர்கள் ஆவணத்தை ஏன் படிக்கப் போகிறார்கள்? அப்புறம் என்றாவது ஒருநாள், நிறுவனத்தின் உள் சர்வர் கடவுச்சொல் கேட்க ஆரம்பிக்கும். மென்பொருளில் வெறும் வெள்ளைத் திரை தெரியும். ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு தடயமும் இருக்காது. (டாட்நெட்டின் இன்னொரு ஜன்னல் தொகுப்பான டபிள்யூபிஎஃப் பக்கத்தில் இந்தப் பண்பே கிடையாது. அதனால் அங்கே உள்ளே இருக்கும் ஆக்டிவ்எக்ஸ் பொருளைச் சுற்றுவழியில் பிடித்து ‘சைலன்ட்’ என்று வைக்கும் குறுக்குவழி பரவியது. அதன் பக்கவிளைவும் இதேதான்.)

புகை எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பது போன்ற காரியம் இது. பிழை நடக்காமல் நின்றுவிடவில்லை. பக்கத்தில் ஒரு பட்டன் அழுத்தினால் எதுவும் நடக்காது, ஒரு பட்டியல் நிரம்பாது, ஒரு தொகை பழைய மதிப்பிலேயே நிற்கும். பெட்டி வந்தபோது பயனர் குறைந்தபட்சம் ஒரு வரி எண்ணையாவது போனில் படித்துக் காட்டினார். இப்போது அவரால் சொல்ல முடிந்ததெல்லாம் ‘ஒண்ணுமே நடக்கல சார்’ என்பதுதான். கணக்கு, மருந்து, சம்பளம் போன்றவற்றில் ஓடும் மென்பொருளுக்கு, பிழைப் பெட்டியைவிட ஓசையில்லாத பழைய மதிப்பு ஆயிரம் மடங்கு ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

பெட்டியை மறைப்பதில் தவறில்லை. பிடித்து எழுதிவிட்டு மறையுங்கள். அது கூடுதலாகப் பத்துப் பதினைந்து வரி நிரல்தான்.

தொடரலாமா, நிறுத்தலாமா?

சரி, நிரலே பதில் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. என்ன பதில்? எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பதில் கிடையாது. உதவிப் பக்கத்திலோ செய்திப் பலகையிலோ ஒரு படம் நகரவில்லை என்றால் தொடரட்டும், லாகில் எழுதிக்கொண்டால் போதும். ஆனால் பயனர் தரவு உள்ளிடும் பக்கத்தில், சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் விழுந்தபின் மீதி ஸ்கிரிப்டுகள் ஓடினால், சரிபார்க்கப்படாத எண் சேமிக்கப்படும். அங்கே நிறுத்த வேண்டும். சேமிக்கும் பட்டனை மூட வேண்டும், பயனருக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். எந்தப் பக்கம் எந்த வகை என்பது மென்பொருளை எழுதியவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு பயனரிடம் இல்லை, மைக்ரோசாஃப்டிடமும் இல்லை.

இந்த இடத்தில் லுவா மொழியை ஒரு பார்வை பார்ப்பது பயன் தரும். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993இல் பிறந்த மொழி அது. மற்ற மென்பொருளுக்குள் உட்காருவதையே குறியாகக் கொண்டு வளர்ந்தது. அடோபி லைட்ரூமின் கணிசமான பகுதி அதில் எழுதப்பட்டது, வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் துணைநிரல்களும் அதில்தான். லுவாவில் ஹோஸ்ட் ஒரு ஸ்கிரிப்டை அழைக்கும்போது ‘பாதுகாக்கப்பட்ட அழைப்பு’ என்ற வழியில் அழைப்பது வழக்கம். பிழை வந்தால் பெட்டி எதுவும் வராது. அழைத்த இடத்துக்கே ஒரு நிலை எண்ணும் செய்தியும் திரும்பி வரும். அழைப்போடு ஒரு செய்தி ஃபங்ஷனையும் கொடுக்கலாம். ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) கலைவதற்கு முன்பே அது ஓடுவதால், எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்து விழுந்தது என்ற முழு வழித்தடமும் கிடைக்கும். பாதுகாப்பில்லாமல் அழைத்துப் பிழை வந்தால், லுவா ‘பேனிக்’ ஃபங்ஷனை ஒருமுறை அழைத்துவிட்டு மென்பொருளையே நிறுத்திவிடும். கடுமைதான், ஆனால் நேர்மையானது. யார் பொறுப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

வெப்பிரவுசர் கன்ட்ரோலில் ஹோஸ்ட் ஸ்கிரிப்டை அழைக்கும் வழி இந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. விண்டோஸ் ஃபார்ம்ஸில் ‘இன்வோக் ஸ்கிரிப்ட்’ என்ற வழியில் பக்கத்தின் ஒரு ஃபங்ஷனை அழைக்கலாம். அந்தப் பெயரில் ஃபங்ஷனே இல்லையென்றாலும் ‘நல்’ (null, அதாவது வெற்று) மதிப்புதான் திரும்பும், உள்ளே பிழை வந்தாலும் நல்தான், எல்லாம் சரியாக நடந்து திருப்பித்தர ஒன்றும் இல்லையென்றாலும் அதே நல். மூன்றும் ஹோஸ்டுக்கு ஒரே மாதிரி தெரியும். இதைத் தவிர்க்க ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே டிரை-கேட்ச் போட்டு, வெற்றி என்றால் ‘சரி’ என்று தொடங்கும் சரத்தையும், தோல்வி என்றால் ‘பிழை’ என்று தொடங்கிச் செய்தியையும் திருப்பித் தரட்டும். நல் வந்தால் ஹோஸ்ட் அதையும் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளட்டும். எதிர்த்திசையில், ஸ்கிரிப்ட் ஹோஸ்டின் ஃபங்ஷனை அழைத்து, அங்கே டாட்நெட் விதிவிலக்கு எழுந்தால், அது எல்லையைக் கடந்து ஸ்கிரிப்ட் பிழையாக மாறும். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது ஸ்கிரிப்டின் ஏதோ ஒரு வரியில் நேர்ந்த பிழையாகத் தெரியும். ஆகவே ஹோஸ்டின் விதிவிலக்கை ஹோஸ்டிலேயே பிடித்து எழுதிவிட்டு, ஸ்கிரிப்டுக்குச் சுருக்கமான பதிலை மட்டும் கொடுப்பது நல்லது.

முடிவில்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட்

பிழை எழாமலே கெடுதல் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு, நிற்காத லூப். வெப்பிரவுசர் கன்ட்ரோல் ஹோஸ்டின் திரையை வரையும் அதே திரெடில் (இயக்க இழையில்) ஓடுகிறது. ஆகவே ஸ்கிரிப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் மென்பொருள் முழுவதும் உறையும். எக்ஸ்புளோரரின் பழைய பதிப்புகள் இதற்கு நேரத்தை அளக்கவில்லை, இயங்கிய கூற்றுகளை எண்ணின. ஐம்பது லட்சம் கூற்றுகள் தாண்டினால், ஸ்கிரிப்டை நிறுத்தவா என்று கேட்கும் இன்னொரு பெட்டி வரும். வேகமான கணினியில் நியாயமான வேலை செய்யும் ஸ்கிரிப்டும் சில விநாடிகளில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். லுவாவில் இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை என்னை அழை என்று ஹோஸ்டே சொல்லிவைக்கலாம், அந்த அழைப்பில் நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.

இன்னொரு தொல்லை, ஒரே பிழை விடாமல் திரும்பத் திரும்ப வருவது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரில், பைத்தானில் எழுதிய பேனல் ஒன்றில் பிழை இருந்தால், திரை மறுபடி வரையப்படும்போதெல்லாம் அதே பிழை டெர்மினலில் விழுந்துகொண்டே இருக்கும். விண்டோஸில் அந்தக் கன்சோல் ஜன்னலை மெனுவிலிருந்து வரவழைத்தால்தான் தெரியும். விநாடிக்குப் பலமுறை ஓடும் டைமரில் பிழை வந்தால் உங்கள் லாக் ஃபைலுக்கும் இதே கதி. ஒரே செய்தி, ஒரே முகவரி, ஒரே வரி என்றால் ஒருமுறை எழுதி, எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெட்டி இல்லாத புதிய காலம்

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கு விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் 2022 ஜூன் 15ஆம் தேதி விடைகொடுத்தார்கள். எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோடை (பழைய எக்ஸ்புளோரருக்கான பக்கங்களை ஓட்டும் முறை) 2029 வரையாவது ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதால் பழைய இன்ஜின் விண்டோஸுக்குள் இன்னும் இருக்கிறது. பழைய மென்பொருள்களும் ஓடுகின்றன. ஆனால் புதிதாக எழுதுபவர்கள் 2020 இறுதியில் வந்த புதிய பிரவுசர் கன்ட்ரோலான வெப்வியூ2க்குப் போய்விட்டார்கள், போகவும் வேண்டும். குரோமியம் இன்ஜின், தனி புராசஸ், இன்றைய ஜாவாஸ்கிரிப்ட், எல்லாம் கிடைக்கிறது.

பழைய கன்ட்ரோலிலிருந்து மாற்றியவர்கள் முதலில் சொல்வது, ஸ்கிரிப்ட் பிழைப் பெட்டிகள் ஒழிந்தன என்பதுதான். உண்மை. வெப்வியூ2 அப்படி ஒரு பெட்டியைப் போடுவதே இல்லை. பிழை டெவலப்பர் டூல்ஸின் கன்சோலுக்குப் போகிறது, வாடிக்கையாளர் கணினியில் அதை யாரும் திறந்து வைத்திருப்பதில்லை. முன்பு ஒரு பண்பை மாற்றி வரவழைத்த மௌனம், இங்கே தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. ஆகவே மாற்றத்தோடு கவனமும் தளர்ந்துவிடக் கூடாது.

நல் மதிப்பின் பழைய சிக்கலும் இங்கே தொடர்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டு என்று சொன்னால் விடை ஜேசான் சரமாக வரும். ஸ்கிரிப்ட் பிழையில் விழுந்தால் வருவது நான்கெழுத்து ‘நல்’. விடையே இல்லாத வெற்றியிலும் அதேதான் வரும். பிற்காலப் பதிப்புகளில் விடையோடு வெற்றியா தோல்வியா, என்ன விதிவிலக்கு என்பதையும் தரும் இன்னொரு அழைப்பைச் சேர்த்தார்கள். புதிதாக எழுதினால் அதையே பயன்படுத்துங்கள்.

எதிர்பாராமல் எழும் பிழைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. பக்கம் உருவாகும்போதே, அதன் சொந்த ஸ்கிரிப்டுகளுக்கு முன்னால் ஓடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஹோஸ்ட் பதிந்துவைக்கலாம். அது பிழை நிகழ்வைக் கேட்டு, விவரத்தை ஹோஸ்டுக்குச் செய்தியாக அனுப்பும். பழைய கன்ட்ரோலில் பக்கம் வரும்போதே தப்பிய பிழைகள் இங்கே தப்பாது. இன்னொரு வழி டெவ்டூல்ஸ் புரோட்டோகாலின் ‘விதிவிலக்கு எறியப்பட்டது’ என்ற நிகழ்வைக் கேட்பது. அதில் ஸ்டாக் விவரம் முழுமையாகக் கிடைக்கும். முதல் வழியைத் தேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். பிராமிஸ்களில் (பின்னர் வரப்போகும் விடைக்கான ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள்) எழுந்து யாரும் பிடிக்காமல் விட்ட பிழை, பழைய ஆன்எரருக்கு வராது. அதற்குக் ‘கையாளப்படாத நிராகரிப்பு’ என்ற தனி நிகழ்வைக் கேட்க வேண்டும். இன்றைய ஸ்கிரிப்டுகளில் சர்வரோடு பேசும் பகுதி ஏறக்குறைய முழுவதும் பிராமிஸில் ஓடுவதால், இதை விட்டால் பாதிப் பிழைகள் கண்ணில் படாது.

லாகில் ‘ஸ்கிரிப்ட் எரர்’ என்ற இரண்டே சொற்களும், வரி எண் பூஜ்ஜியமும் மட்டும் வந்து விழுந்தால் குழம்ப வேண்டாம். வேறு டொமைனிலிருந்து வந்த ஸ்கிரிப்ட் ஃபைலின் பிழை அது. ஒரு தளத்தின் உள்விவரம் இன்னொரு தளத்துக்குக் கசியக் கூடாது என்று பிரவுசர் அதை மூடிவிடுகிறது. ஸ்கிரிப்ட் டேகில் ‘கிராஸ்ஆரிஜின்’ பண்பையும், அந்தச் சர்வரின் பதிலில் அனுமதி ஹெடரையும் சேர்த்தால் முழு விவரம் வரும். மென்பொருளோடு வரும் பக்கங்களை ஃபைல் முகவரியிலிருந்து திறந்தாலும் இதே மாதிரியான கட்டுப்பாடுகள் குறுக்கே வரும். வெப்வியூ2இல் ஒரு ஃபோல்டருக்குக் கற்பனையான டொமைன் பெயர் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும்.

தனி புராசஸ் என்பதால் பக்கம் உறைந்தாலும் உங்கள் ஜன்னல் உறையாது. பக்கத்தை வரையும் புராசஸ் செத்துவிட்டாலோ பதில் சொல்லாமல் நின்றாலோ, ‘புராசஸ் ஃபெயில்டு’ நிகழ்வு வரும். வரையும் புராசஸ் மட்டும் போயிருந்தால் பக்கத்தை மறுபடி ஏற்றினால் போதும். பிரவுசர் புராசஸே போயிருந்தால் கன்ட்ரோலைப் புதிதாக உருவாக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்த்து எழுதாத மென்பொருளில் பயனர் பார்ப்பது வெற்றுத் திரை.

இணையப் பக்க நுட்பத்தில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரானில் எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே முதன்மை புராசஸில் பிடிபடாத பிழை எழுந்தால், ஸ்டாக் விவரம் முழுவதையும் காட்டும் பெட்டி ஒன்று பயனர் முகத்தில் வந்து விழும். ஜன்னலுக்குள் ஓடும் பக்கத்தின் பிழையோ கன்சோலோடு போய்விடும். ஒரு பக்கம் தேவைக்கு மேல் சத்தம், மறுபக்கம் முழு மௌனம். இரண்டுக்கும் நீங்கள்தான் கையாளும் நிரலை எழுத வேண்டும்.

பயனருக்கு என்ன சொல்வது, நமக்கு என்ன எழுதிக்கொள்வது?

பயனருக்கு வரி எண் வேண்டாம். என்ன நடக்கவில்லை, அவர் செய்த வேலை பத்திரமா, இப்போது என்ன செய்யலாம் என்ற மூன்றும் போதும். ‘வரித் தொகையைக் கணக்கிட முடியவில்லை. நீங்கள் உள்ளிட்ட விவரங்கள் அப்படியே இருக்கின்றன, பில் இன்னும் சேமிக்கப்படவில்லை. பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். மீண்டும் வந்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று எழுதி ஒரு குறிப்பு எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணை வைத்து லாகில் தேடினால் மற்ற எல்லாம் கிடைக்க வேண்டும்: செய்தி, கோட், முகவரி, வரி, எழுத்து இடம், ஸ்டாக் இருந்தால் அது, மென்பொருளின் பதிப்பு, இன்ஜினின் பதிப்பு, பழைய கன்ட்ரோல் என்றால் எந்த முறையில் ஓடியது என்பதும். லாகை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8இல் எழுதுங்கள். தமிழில் பெயர்களும் செய்திகளும் உள்ள மென்பொருளில் இதைக் கவனிக்காவிட்டால் படிக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் லாகின் டோக்கனோ வாடிக்கையாளர் எண்ணோ இருக்கலாம், அதை வெட்டிவிட்டு எழுதுங்கள்.

எல்லாம் எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். வேண்டுமென்றே பிழை செய்யும் ஒரு பக்கத்தை வைத்துக்கொள்ளலாம். அதில் இலக்கணம் தவறிய ஒரு ஃபைல், இல்லாத ஃபங்ஷனை அழைக்கும் ஒரு பட்டன், சில விநாடிகள் கழித்து டைமரில் எழும் ஒரு பிழை, யாரும் பிடிக்காத ஒரு பிராமிஸ், ஃபிரேமுக்குள் ஒரு பிழை, நிற்காத ஒரு லூப் இருக்கட்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, லூப்பைக் கடைசியாக வைத்து, ஒவ்வொன்றாக இயக்கி, லாகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாதது எதுவோ, அந்த வழியில் வாடிக்கையாளரின் கணினியிலும் பிழை உங்களுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது.